ஆட்டுத்தோலும் உடைந்த மரபணுவும்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு டேனரிக்குள் போனால், குரோம் டிரம்முக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஓர் அடுப்பும் பாத்திரமும் இருக்கும். டிரம்மில் சுழன்ற தோலிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, தாளின் மேல் வைத்து, ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். துண்டைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து மறுபடி அந்தக் கோட்டின் மேல் வைப்பார்கள். கோட்டை நிறைத்தால் குரோம் ஏறிவிட்டது. சுருங்கியிருந்தால் டிரம் இன்னும் ஓட வேண்டும். இதற்குப் பெயர் பாயில் டெஸ்ட். முதலாளி ஐந்து வேளை தொழுபவராக இருக்கலாம், டிரம் பார்ப்பவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவராக இருக்கலாம், ரசாயனம் நிறுப்பவர் மாலை போட்ட சாமியாக இருக்கலாம். முடிவைப் பற்றி மூவருக்குள்ளும் தகராறு வந்து யாரும் கேள்விப்பட்டதில்லை.

பதனிடாத ஆட்டுத்தோலை நீரில் போட்டுச் சூட்டை மெல்ல ஏற்றினால், 60 டிகிரியைத் தாண்டிய சிறிது நேரத்தில் அது சட்டென்று சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பழைய முறையில் பதனிட்டது 80 டிகிரி வாக்கில் தாக்குப்பிடிக்கும். குரோம் ஏறிய தோல் கொதிநீரையே தாங்கும். சுருங்குவது எது, தாங்குவது எது என்று கேட்டுக்கொண்டே போனால், டார்வினைப் பற்றி மேடைகளில் நடக்கும் சண்டையின் நடுவில் போய் நிற்போம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்களுக்கு இந்த விஷயம் தூரத்து விஷயமே இல்லை.

தோலில் சுருங்குவது கொலாஜன் என்ற புரதம். அதன் கட்டமைப்பைக் கண்டு சொன்னது சென்னைப் பல்கலைக்கழகம். ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறாக நிற்கின்றன. எக்ஸ் கதிர் படம் எடுக்க நல்ல கொலாஜன் வேண்டுமே? 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். ஆஸ்திரேலியக் கங்காருவின் வாலை வைத்து அடையாறு ஓரத்தில் கண்ட கட்டமைப்பு, பேரணாம்பட்டில் உப்புப் போட்டு அடுக்கியிருக்கும் வெள்ளாட்டுத் தோலுக்கும் பொருந்துகிறது, அதைத் தூக்கி அடுக்குகிறவரின் உள்ளங்கைத் தோலுக்கும் பொருந்துகிறது. கயிற்றின் நடுவில் இடம் நெருக்கடி என்பதால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் ஆகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின்தான் உட்கார முடியும். இந்த விதி கடற்பஞ்சு வரைக்கும் மாறவில்லை.

மாறுவது இன்னொன்று. கயிறு அவிழாமல் இருக்க உதவுவது ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம். மாட்டுத் தோலின் கொலாஜனில் ஆயிரத்துக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் இடங்களில் அது இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் காட் மீனின் தோலில் ஆயிரத்துக்கு ஐம்பத்துச் சொச்சம்தான். காட் மீன் தோல் 40 டிகிரியை ஒட்டியே சுருங்கிவிடும். அந்த உயிர் எந்தச் சூட்டில் வாழ்கிறதோ அதைத் தாங்கிக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும் அளவுக்குத்தான் அதன் கயிறு முறுக்கப்பட்டிருக்கிறது. மீன் தோலைப் பதனிட முயன்றவர்கள் பாடம் படிக்காமலே கற்றுக்கொண்டது இது. ஆட்டுத் தோலுக்கு வைக்கும் சூட்டை அதற்கு வைத்தால் பசைதான் மிஞ்சும்.

இதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லா உயிரும் ஒரே மூதாதையின் வம்சம் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசங்கத்திலும் பயானிலும் பலரும் கேட்டிருக்கக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே படைப்பாளி, ஒரே நல்ல பொருளை வேண்டிய இடமெல்லாம் பயன்படுத்தினான், குளிர் மீனுக்கு ஒரு மாதிரி, ஆட்டுக்கு ஒரு மாதிரி என்று அளவு பார்த்துச் செய்தான் என்பது அந்தப் பதில். நன்றாக வேலை செய்யும் பாகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், வம்சாவளியா வடிவமைப்பா என்ற வழக்கு தீரவே தீராது. டார்வினை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இங்கேயே வெற்றியை அறிவித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதனால்தான் கேட்பவர் மனம் மாறுவதில்லை.

வழக்கைத் தீர்ப்பவை உடைந்த பாகங்கள். அதற்கும் இதே தோலிலிருந்தே போகலாம்.

சங்கிலியில் முதலில் வந்து உட்காருவது சாதாரணப் புரோலின். அதை ஹைட்ராக்ஸிபுரோலின் ஆக்குகிற நொதி வேலை செய்ய வைட்டமின் சி தேவை. வைட்டமின் சி இல்லாவிட்டால் கயிறு சரியாக முறுக்கேறாது. ஈறில் ரத்தம் வரும், ஆறிய புண் திறக்கும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி இதுதான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது இதற்காகத்தான். ஆனால் நெல்லிக்காய் தின்னாத ஆட்டுக்கு ஸ்கர்வி வருவதில்லை. ஆடு தன் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்கிறது. மாடு, நாய், எலி எல்லாமே அப்படித்தான். நம்மால் முடியாது.

ஏன் முடியாது? குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி வரை பல படிகள். கடைசிப் படிக்கான நொதியைத் தரும் மரபணுவைச் சுருக்கமாகக் குலோ என்பார்கள். அது நம்மிடம் இல்லாமல் போகவில்லை, உடைந்து கிடக்கிறது. ஜப்பானின் நிஷிகிமி குழு 1994இல் மனித மரபணுத் தொகுதியில் அதன் சிதைவைக் கண்டு எழுதியது. எலியில் 12 பகுதிகளாக இருக்கும் அந்த மரபணுவில் 7 பகுதிகளை நம் வரிசை இழந்துவிட்டது. எஞ்சியவற்றிலும் எழுத்துப் பிழைகள். எந்த வேலைக்கும் உதவாத அந்தச் சிதைவை ஒவ்வொரு செல்லிலும் சுமந்துகொண்டு திரிகிறோம்.

சிம்பன்சியிடமும் அதே இடத்தில் அதே மரபணு உடைந்திருக்கிறது. நம் ஊர்க் கோயில் குன்றுகளில் தேங்காய் பிடுங்கும் நாட்டுக் குரங்கின் இனத்திலும் அப்படியே. இழந்த பகுதிகளும் ஒத்துப்போகின்றன. கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி செய்யத் தெரியாது, ஆனால் அதன் மரபணு வேறு இடங்களில் உடைந்திருக்கிறது. அது தனியாக நடந்த விபத்து. இன்னும் சுவையான ஒன்று தேவாங்கு. பார்க்கக் குரங்குக்கு உறவு மாதிரி இருந்தாலும், ஈர மூக்குள்ள லெமூர்களோடு அது சேர்ந்திருக்கும் கிளை நம் கிளையிலிருந்து முன்பே பிரிந்தது என்று எலும்பையும் பல்லையும் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். உடைப்பு அந்தப் பிரிவுக்குப் பின் நடந்திருந்தால் அந்தக் கிளைக்கு வைட்டமின் சி செய்யத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சோதித்துப் பார்த்தார்கள். தெரிந்திருக்கிறது. நம் பக்கத்து உடைப்பு ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது என்பது இப்போதைய கணக்கு.

நல்ல பாகத்தை இரண்டு இடத்தில் பயன்படுத்திய படைப்பாளியை நினைத்துப் பார்க்க முடிகிறது. உடைந்த பாகத்தை அதே உடைப்போடு மனிதனுக்கும் குரங்குக்கும் வைத்து, தேவாங்குக்கு மட்டும் முழுதாக வைத்து, கினிப்பன்றிக்கு வேறு மாதிரி உடைத்து வைத்தவனை நினைத்துப் பார்ப்பது கடினம். நினைத்தே தீருவேன் என்பவரைத் தடுக்க முடியாது. அவர் அறிவியலோடு விவாதிப்பதை நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொல்லலாம்.

2018 ஜனவரியில், அப்போது மத்திய மனிதவளத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாக எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. வாணியம்பாடியில் தோல் தரம் பிரிப்பவரைக் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்கும். அவர் ஆட்டை உயிரோடு பார்த்ததில்லை. தோலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, இது உண்ணி கடித்த புள்ளி, இது அம்மைத் தழும்பு, இது முள்வேலி கிழித்தது, கிழித்து ஆறின பிறகுதான் அறுத்திருக்கிறார்கள் என்று சொல்வார். அந்தக் கணிப்பை நம்பித்தான் விலை பேசுகிறார்கள். நடந்ததைக் கண்ணால் பார்க்காதவர் தடயத்தை வைத்துச் சொல்லக்கூடாது என்றால் தோல் மண்டியும் நடக்காது, நீதிமன்றமும் நடக்காது.

வேலூர்ப் பக்கம் இன்னொரு கதையும் இருக்கிறது. அதில் நம்பிக்கையும் உண்டு, தோலும் உண்டு.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் விடுதியில் மடங்கிப்போன கைகளைப் பார்த்த பிறகு அவர் வாழ்க்கை அந்தக் கைகளைச் சுற்றியே போயிற்று. தசைநாணை இடம் மாற்றிக் கட்டி விரல்களை நிமிர்த்தினார். தொழுநோய் வந்தால் விரல் தானாகவே அழுகி விழும் என்று ஊரும் நம்பியது, மருத்துவமும் பெரும்பாலும் நம்பியது. பிராண்ட் கவனித்துப் பார்த்தார். சிலர் காலையில் எழும்போது விரல் நுனி குறைந்திருந்தது. இரவில் ஆளை உட்காரவைத்துப் பார்த்தால், உணர்வற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. படுத்திருப்பவருக்கு வலி தெரியவில்லை, எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். விரலைத் தின்றது நேரடியாகக் கிருமி இல்லை, வலி போனதால் வந்த காயங்கள் என்பது அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. 1955இல் காட்பாடி அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் எழுந்தது. உணர்வற்ற பாதத்துக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு பரவியதில் பிராண்டுக்கும் கரிகிரிக்கும் பெரும் பங்கு உண்டு. இப்போது சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான்.

பிராண்ட் ஆழ்ந்த கிறிஸ்தவர். மனித உடலைக் கடவுளின் கைவேலை என்று வியந்து பிலிப் யான்சியோடு சேர்ந்து 1980இல் புத்தகமே எழுதியவர். அந்த வியப்பு அவரை ராத்திரியெல்லாம் ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னதா, இல்லை அறுவை மருத்துவரின் பிடிவாதமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எலியைக் கண்டுபிடிக்கும் இடத்தில் அவர் வேதவாக்கியத்தைத் தேடவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதப்பட்ட பல தத்துவப் பக்கங்களைவிட இந்த ஒரு காரியம் எனக்கு அதிகம் சொல்கிறது.

அவர் எதிர்த்துப் போராடிய கிருமியின் கதை பின்னர்தான் படிக்கக் கிடைத்தது. தொழுநோய்க் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க இன்றுவரை முடியவில்லை. அதை ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் வளர்த்தெடுக்கிறார்கள். ஸ்டீவர்ட் கோலின் குழு அதன் முழு மரபணுத் தொகுதியையும் 2001இல் வெளியிட்டது. படித்த கிருமிக்கு டி.என். என்று பெயர். தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தது என்பதால் அந்தப் பெயர். அதில் வேலை செய்யும் புரத மரபணுக்கள் சுமார் 1,600. உடைந்து செத்துக் கிடப்பவை 1,100க்கும் மேல். அதே குழு 1998இல் படித்த காசநோய்க் கிருமியிடம் வேலை செய்யும் மரபணுக்கள் 4,000 வாக்கில் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காசநோய்க் கிருமியில் நன்றாக ஓடும் மரபணு, தொழுநோய்க் கிருமியில் அதே வரிசையில் உடைந்து கிடப்பதை ஒன்றொன்றாகச் சுட்டலாம். தனியாக வாழ்ந்த முன்னோரின் சொத்து, மனித உடலுக்குள் ஒண்டிக் குடியிருக்கத் தொடங்கிய பிறகு பராமரிப்பில்லாமல் இடிந்திருக்கிறது. தட்டில் வளராததன் காரணமும் பெரும்பாலும் இதுதான். நம் குலோவுக்கு நடந்ததும் இதே வகை. பழம் தின்று வாழ்ந்த முன்னோருக்கு வைட்டமின் சி வாயிலேயே கிடைத்ததால், அந்த மரபணு உடைந்தும் உடனே யாரும் சாகவில்லை.

சிறிய மாற்றங்களை ஒத்துக்கொள்கிறோம், பெரிய பரிணாமத்தை ஏற்க மாட்டோம் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். சிறியதற்கும் தொழுநோயே சாட்சி. டாப்சோன் மாத்திரை ஒன்றையே வருடக்கணக்கில் கொடுத்ததில், 1964இல் மலேசியாவில் அதற்கு மசியாத கிருமி நிரூபிக்கப்பட்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கப் பரிந்துரைத்தது. ஒரு மருந்தைத் தாங்கும் கிருமி தற்செயலாக இருக்கும், மூன்றையும் ஒருசேரத் தாங்கும் கிருமி இருப்பது மிக அரிது என்பதுதான் கணக்கு. இது டார்வினின் இயற்கைத் தேர்வுக் கணக்கு. ஜெபித்துவிட்டு மாத்திரை கொடுத்த நர்ஸும் அதைத்தான் கொடுத்தார். சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில் எங்கே வேலி போடுவது என்று கேட்டால், 1,100 உடைந்த மரபணுக்கள் அந்த வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே டார்வின் பெரும்பாலும் பகுத்தறிவு மேடை வழியாக வந்தார், கடவுள் இல்லை என்ற வாதத்தின் துணை ஆயுதமாக. எதிர்த் தரப்பு மேடையும் அதையே ஒப்புக்கொண்டது: பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விட வேண்டும். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு மேடைகளும் இதில் மட்டும் கைகுலுக்கிக்கொண்டன. நடுவில் மாட்டியது, பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு வீட்டில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளை. நவீன மரபியல் நோக்கில் பரிணாமத்தை நிலைநிறுத்தியவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி ஆர்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்தைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டதையும், ஆன்மா மட்டும் அந்தக் கணக்கில் வராது என்று கோடு போட்டுக்கொண்டதையும் சொல்வதில்லை.

மூன்றாவது மேடை ஒன்றும் இருக்கிறது. மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது என்பது அதன் வாதம். 19ஆம் நூற்றாண்டிலேயே கேசவ சந்திர சென் போன்றவர்கள் சொல்லிப் பார்த்தது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் தேவாங்குக்கு வைட்டமின் சி செய்யத் தெரியுமா என்று அந்த வரிசையிடம் கேட்டால் பதில் வராது. எப்போது தவறாகும் என்று சொல்ல முடியாத ஒன்றை அறிவியலோடு சேர்த்து வைப்பது இரண்டுக்குமே மரியாதை இல்லை.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். சுமை குறைப்பு என்று விளக்கம் சொன்னார்கள். பன்னிரண்டில் உயிரியல் எடுப்பவர்களுக்கு அது இருக்கிறது. எடுக்காதவர்கள் அதைப் பார்க்காமலே பள்ளியை முடிப்பார்கள். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடத்தில் அது தொடர்கிறது என்பது ஆம்பூர் ஆசிரியருக்குச் சாதகம்.

ஆனால் அந்த ஆசிரியர் சமாதானப் பூ தூவித் தப்பிக்க முடியாத ஒரு கேள்வி வரும். வகுப்பில் பாதிப் பேர் ஆதாமை அறிந்த வீட்டுப் பிள்ளைகள். அப்போ முதல் மனிதன் யார் சார் என்று கேட்பார்கள். அறிவியல் ஒரு துறை, நம்பிக்கை இன்னொரு துறை, இரண்டும் மோதாது என்ற வாய்ப்பாடு இந்த இடத்தில் உதவாது, ஏனென்றால் இது நடந்த நிகழ்ச்சியைப் பற்றிய கேள்வி. நேராகவே சொல்லலாம்: இன்றைய மனிதர்களின் மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளை வைத்துப் பார்த்தால், நம் முன்னோர் கூட்டம் எந்தக் காலத்திலும் இருவராகச் சுருங்கியதற்குத் தடயம் இல்லை. குரங்குக் கூட்டத்தில் ஒருநாள் ஒரு மனிதக் குழந்தை பிறந்ததும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டமே மெல்ல மாறியது. பூமிக்கு வயது ஆறாயிரம் என்று கொண்டால் இது ஒத்துவராது, உயிர்கள் தனித்தனியாக முழுதாகப் படைக்கப்பட்டன என்று கொண்டாலும் ஒத்துவராது. ஆதாமை எப்படிப் புரிந்துகொள்வது என்று கிறிஸ்தவ இறையியலிலும் இஸ்லாமிய அறிஞர்களிடையிலும் விவாதம் நடக்கிறது. விருப்பமுள்ள பிள்ளை தன் ஊர் ஆலிமிடமோ போதகரிடமோ கேட்கட்டும். உயிரியல் ஆசிரியர் தேவாங்கையும் கினிப்பன்றியையும் கரும்பலகையில் வரைந்து, யாரிடம் எது உடைந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டட்டும்.